சாட்டைக்கு முந்தைய கட்டம்

மகனே,

நீ நன்றாகத்தான் இருப்பாய், அதனால் அதைக் கேட்டுக் காகிதத்தை வீணாக்கவில்லை. எனக்குக் கால் வீக்கம் ஒன்றுதான். உன் அக்கா பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டி என்ன எழுதுகிறாள் என்று எட்டி எட்டிப் பார்த்தன. விரட்டிவிட்டு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் வரும். பொறுமையாகப் படி. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ திருவண்ணாமலைக்குப் பேச வருகிறாய். காமிக்ஸ் புத்தகத்தில் படங்கள் எப்படிப் பேசுகின்றன என்று சொல்லப் போகிறாய். வாசகர் மன்றத்துப் பையன்கள் நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உன் பேருக்கு மேலே, தலைமை என்று போட்டு, உன் மாமன் பேர் இருக்கிறது. என்னோடு கூடப் பிறந்த அண்ணன். உன்னைச் சாட்டையால் அடித்தவன். அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அவன் என்றுதான் எழுதுவேன்.

மேடை வழக்கம் எனக்கும் தெரியும். பேசுகிறவன் முதலில் தலைமைக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். தலைவர் அவர்களே என்று கும்பிட வேண்டும். அப்புறம்தான் வாயைத் திறக்கலாம். அந்தத் தோளில் நீ பொன்னாடை போர்த்துவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லி எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. நீயும் உன் கடிதத்தில், வாம்மா, பழசை விடு என்று எழுதியிருக்கிறாய். வருகிறேன். பழசை விடுவதாக இல்லை.

போன மாதம் வேலூரில் நீ பேசியபோது வந்திருந்தேனே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் லாட்ஜில் துவைத்துத் துவைத்துக் கிழிந்துபோன படுக்கை விரிப்புகளை வாங்கிப்போய், அதில் பெரிது பெரிதாகப் படம் எழுதி மேடையில் தொங்க விட்டிருந்தாய். முதல் விரிப்பில் ஓர் ஆள் கையை ஓங்கி நிற்கிறான். அவ்வளவுதான். "இவன் இன்னா செய்யறான், சொல்லுங்க" என்று கேட்டாய். "அடிக்கிறான்" என்றான் ஒருத்தன். "பஸ்ஸ நிறுத்துறான் சார், நிக்காம போவுது" என்றான் இன்னொருத்தன். ஒரு பெரியவர், "ஆசீர்வாதம் பண்றாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ அதற்கு இடது பக்கத்தில் இன்னொரு விரிப்பைத் தொங்க விட்டாய். அதே ஆள். அவன் எதிரே ஒரு சின்னப்பெண், அவள் காலடியில் உடைந்த சட்டி. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒற்றைக் கட்டத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதற்கு முந்தைய கட்டம்தான் அதற்கு உயிர் கொடுக்கிறது என்றாய். என் பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் நீ உன் முதல் சொற்பொழிவுக் கதையை எடுத்துவிட்டாய். "எங்க ஊரு கோயில்லதாங்க மொதல் மொதல்ல பேசினேன். முடிக்கிறதுக்குள்ள எங்க மாமாவுக்குச் சாமி வந்துடுச்சு. மத்தவங்களுக்குக் கைதட்டல் கெடைக்கும், எனக்குச் சாட்டையடி கெடைச்சுது" என்றாய். மண்டபமே குலுங்கியது. பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் மண்டையில் ஒன்று போடலாமா என்று எனக்கு இருந்தது. கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் கேட்டேனே.

"ஏன்டா பொய் சொன்ன?"

"பொய் இல்லம்மா. ஊரே அப்படித்தான சொல்லுது."

"ஊரு சொல்லட்டும். அடி வாங்கினவன் நீ."

"சிரிச்சா கேப்பாங்கம்மா. அழுதா எழுந்து போயிடுவாங்க."

பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். பதில் இப்போதுதான் சொல்கிறேன்.

உன் அப்பா போன பிறகு நாம் மூன்று பேரும் கீழ்பென்னாத்தூரில் உன் மாமன் வீட்டில் கிடந்தோம். அவன் கை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், உன் அக்காவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டாம் தடவை சோறு கேட்டாள் என்று அவள் தட்டை எட்டி உதைத்தான். தட்டு சுவரில் மோதி நெளிந்தது. ஏர் ஓட்டுகிற ஆள் நேரம் கழித்து வந்தான் என்று அவனைக் கட்டுத்தறியில் சாய்த்துவைத்து, மாட்டுக் கயிற்றால் முதுகில் இழுத்தான். அந்த ஆள் மத்தியானம் அதே வீட்டில் கூழ் வாங்கிக் குடித்தான். அடித்துவிட்டுச் சோறு போடுகிறவனை ஊரில் தருமவான் என்கிறார்கள். கோயிலுக்கும் அவனையே தர்மகர்த்தா ஆக்கினார்கள்.

நீ மூட்டையோடு டவுன் மண்டிக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்ட் பிளாட்பாரத்தில் பழைய காமிக்ஸ் வாங்கி, சட்டைக்குள் சொருகிக்கொண்டு வருவாய். மல்லாட்டை உடைத்துக் கடலை உரிக்கிற நாளில் நாங்கள் பொம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்போம், நீ நடுவில் புத்தகத்தைப் பிரிப்பாய். எங்களில் பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது. "எழுத்து வேணாம் அத்தே, படத்தப் பாரு" என்பாய். பேச்சைச் சுற்றிய குமிழ் முள்ளு முள்ளாக இருந்தால் கத்துகிறான். மேகம் மாதிரி இருந்து, கீழே சின்னச் சின்னதாக முட்டை விட்டிருந்தால் மனசுக்குள் நினைக்கிறான். பின்னால் கோடு கோடாக இழுத்திருந்தால் ஓடுகிறான். எதிர்வீட்டுக்காரி கேட்டாள், "எங்க ஊட்டுக்காரரு பேசினா முள்ளு போதுமாடா?" நீ யோசித்துவிட்டு, "உங்களுக்குக் கருவேல வேலியே போடணும் அத்தே" என்றாய். அவள் சிரித்த சிரிப்பில் முறத்தில் இருந்த பருப்பெல்லாம் கொட்டியது. நான்தான் குறுக்கே கேட்பேன். "அடிபட்டவன் தலையைச் சுத்தி இன்னாடா நட்சத்திரம்?" "அடிபட்டவனுக்கு அப்படித் தெரியுமாம்மா." "வரைஞ்சவன் அடிபட்டதே இல்ல" என்றேன். அடிபடுகிறவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், உனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் அவன் வந்தான். உன் கையில் இருந்த புத்தகத்தைப் பிடுங்கினான், பரணில் இருந்ததையும் கட்டோடு இழுத்துப் போட்டான், நெல் அவித்துக்கொண்டிருந்த அடுப்பில் சொருகினான். நீ அடுப்புக்குள் கையை விட்டாய். அவன் உன் பிடரியைப் பிடித்து முகத்தை அடுப்பு வாய்க்குக் கொண்டுபோனான். புருவம் பொசுங்கும் வரைக்கும் பிடித்திருந்தான். "பொம்ம பாக்கற கண்ணு இதுதான?" என்று கேட்டான். நான் அவன் காலைப் பிடித்துத்தான் உன்னை மீட்டேன். அதற்குப் பிறகு நீ புத்தகமே வாங்கவில்லை, ஆனால் பேச்சை விடவில்லை. பார்த்த கட்டத்தையெல்லாம் கரித்துண்டால் களத்துமேட்டில் வரைந்து வரைந்து சொன்னாய்.

இனி மாசி மாதத்துக்கு வருகிறேன். அங்காளம்மன் கோயில் மயானக்கொள்ளை. அம்மனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற நாள். பொழுது சாய்ந்துதான் புறப்பாடு, அதுவரை ஜனம் கலையாமல் இருக்கப் பந்தலில் மத்தியானம் சொற்பொழிவு வைப்பார்கள். அந்த வருஷம் டவுனிலிருந்து வரவேண்டிய பிரசங்கியார் வரவில்லை, பஸ் வழியில் நின்றுபோனது. மைக் செட்டுக்காரன் ஹலோ ஹலோ என்று கத்தியே தொண்டை கட்டிக்கொண்டான். அப்போது யாரோ ஒருத்தன், "பொம்ம புஸ்தகக்காரன் பேசட்டும்பா, களத்துமேட்டுல நல்லா பேசறான்" என்று உன்னைத் தூக்கி மேடையில் விட்டான். நான் கோயிலுக்குப் பக்கத்தில் மற்றப் பொம்பிளைகளோடு பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். மைக்கில் உன் குரலைக் கேட்டதும் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நன்றாகத்தான் பேசினாய். கோயில் சுவரில் கட்டம் கட்டமாக எழுதியிருந்த அம்மன் படங்களைக் காட்டினாய். ஏன் அம்மன் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே பக்கம் பார்த்து நடக்கிறாள், ஏன் ராட்சதன் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிறான் என்று கேட்டாய். தினமும் அந்தச் சுவரைப் பார்க்கிறவர்கள் அன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் சொன்னாய்: "கெட்டவன் யாருன்னு அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே படம் சொல்லிடும். கட்டத்துல அவன்தான் பெருசா இருப்பான். நமக்குக் கிட்டத்துல, மத்தவங்கள மறைச்சுக்கிட்டு நிப்பான். மூஞ்சில பாதி மீசையா இருக்கும்." மேடைக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்திருந்த ஜனத்தை மறைத்தபடி உன் மாமன் நின்றிருந்தான். நீ அவனை நினைத்துச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். பின்னாலிருந்து எவனோ, "நம்ம தர்மகர்த்தா மாதிரின்னு சொல்லு" என்றான். ஒருத்தன் சிரித்தான். அப்புறம் பந்தல் முழுக்கச் சிரித்தது. மேடையில் நீயும் சிரித்துவிட்டாய்.

அப்போது அவன் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள், நீ சுவர்ப் படத்தின் பக்கம் திரும்பியிருந்தாய். பொங்கல் அடுப்பு இருந்தது மேடையோரம், அவனுக்கு எதிர்ப்பக்கம், அதனால் எனக்கு முகம் தெரிந்தது. முதலில் அவனும் பல்லைக் காட்டினான். அப்புறம் உதடு மூடியது. தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சாமி வருகிறவன் முகம் எனக்குத் தெரியும், கண் சொருகும், உடம்பு உதறும். இவன் கண் தெளிவாக இருந்தது. பூசாரி தோளில் கிடந்த சாட்டையை, கடையில் சாமான் பார்த்து எடுப்பது போல உருவி எடுத்தான். வேண்டிக்கொண்டவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி, இரண்டு அடி வாங்குவார்களே, அந்தச் சாட்டை. மஞ்சள் தண்ணீரில் ஊறிய நார், கனம் ஜாஸ்தி.

சாட்டை மேலே போனது. அதைப் பார்த்ததும் பம்பைக்காரர்கள் பழக்கத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனை வருஷமாகச் சாட்டை தூக்கினால் பம்பை அடித்தவர்கள் அவர்கள். முதல் அடி உன் கழுத்தில் சுற்றி இழுத்தது, மேடையிலிருந்து விழுந்தாய். இரண்டாவதற்கு நீ எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாய். முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தூக்கினாய். வேண்டுதலுக்கு அடி வாங்குகிறவனும் அப்படித்தான் தூக்குவான். ஜனம் எழுந்து நின்று கும்பிட்டது, தெரியுமா? சிரித்துக்கொண்டிருந்த அதே ஜனம். "தர்மகர்த்தாவுக்கே எறங்கிடுச்சு" என்றார்கள். ஒருத்தி உன்னைப் பார்த்து, "வாங்கிக்கடா கண்ணு, நல்லா வாங்கிக்க, படிப்பு வரும்" என்றாள். அவன் நிறுத்தவில்லை. கையில் தோல் பிய்ந்து தொங்கியது. நீ அம்மா அம்மா என்று கத்தியதை அம்மனைக் கூப்பிடுகிறாய் என்று எடுத்துக்கொண்டார்கள். நீ மூத்திரம் போனாய். இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன். எந்தக் காமிக்ஸிலும் இதைப் போடுவதில்லை. யாரோ உன் மேல் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள், ரத்தமும் அதுவும் சேர்ந்து மண்ணில் போய்விட்டது.

நான் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவினேன். அண்ணா என்று கூப்பிட்டேன், அவன் திரும்பினான், காதோடு சேர்த்துக் கன்னத்தில் போட்டேன். மீசை பொசுங்கிய நாற்றம் அடித்தது. சாட்டை பிடித்திருந்த கையில் இன்னொன்று போட்டேன், சாட்டை விழுந்தது. மூன்றாவது அவன் தலைக்குத்தான் ஓங்கினேன். கொன்றிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, வருத்தமும் இல்லை. அதற்குள் நாலைந்து ஆட்கள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். வேப்பிலையை என் வாயில் திணித்தார்கள். பம்பை இப்போது எனக்காக அடித்தது.

"விடுங்கடா, எனக்குச் சாமியும் வரல ஒண்ணும் வரல."

"கோவம் ஜாஸ்தியா இருக்கு ஆத்தாவுக்கு, கற்பூரம் காட்டுங்க."

"நான் ஆத்தா இல்லடா. இவன் அம்மாடா."

"எங்க எல்லாருக்கும் நீதான் தாயே அம்மா" என்று சொல்லிப் பூசாரி என் காலில் விழுந்தார்.

நான் எதைச் சொன்னாலும் அதை அம்மன் வாக்காகத்தான் கேட்டார்கள். கெட்ட வார்த்தையில் திட்டினேன், அதற்கும் கும்பிட்டார்கள். கடைசியில் உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு, உன் அக்காவை இழுத்துக்கொண்டு, கழுத்தில் வேப்பிலை மாலையோடு ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கும்பிட்டான். அன்றைக்கு ஏறியவள்தான், கீழ்பென்னாத்தூர் மண்ணை இன்னும் மிதிக்கவில்லை. இங்கே திருவண்ணாமலையில் லாட்ஜில் துணி துவைக்கிற வேலை கிடைத்தது. உன் கை ஆற வெகு நாள் ஆனது, தழும்பு போகவில்லை. நீ படித்தாய், ஓவிய வாத்தியார் ஆனாய், ஊர் ஊராகப் பேசுகிறாய். அவன் என்ன ஆனான் என்று பார். கன்னத்தில் வெந்த தழும்பு, சுருங்கிப்போன காது. அதைக் காட்டி, "ஆத்தா போட்ட அடையாளம்" என்கிறான். குழந்தைகளுக்கு விபூதி போடுகிறான். நான் போட்ட சூட்டை வைத்தே பெரிய மனுஷன் ஆகிவிட்டான். இப்போது வாசகர் மன்றத்துக்குப் புரவலர்.

போன வாரம் இங்கே வந்தான். வாசலில் வண்டியை விட்டு இறங்கி, பழத்தட்டோடு நின்றான். உட்காரச் சொல்லவில்லை, அவனாகவே உட்கார்ந்தான்.

"இன்னாமே, இன்னும் கோவம் அடங்கலயா? ஞாயித்துக்கெழமை வந்துடு. முன்னால நாற்காலி போடச் சொல்லிருக்கேன்."

"எதுக்கு வந்த?"

"உன் புள்ள வேலூர்ல அந்தக் கதைய ஜோரா சொன்னானாமே. இங்கயும் சொல்லச் சொல்லு. சாமி வந்த கதைன்னா ஜனங்க ரசிப்பாங்க."

"அன்னைக்கு உனக்குச் சாமி வந்துச்சா?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. சிரித்தான்.

"நமக்குள்ள இன்னா மறைக்கறது. எல்லாரையும் என்னப் பாத்துச் சிரிக்க வெச்சான், கைய நீட்டிட்டேன். ஒண்ணு ரெண்டோட நிறுத்தியிருப்பேன். பம்பை அடிச்சானுங்க, எல்லாரும் கும்பிட்டானுங்க. நிறுத்தத் தோணல."

"இத ஊருக்குச் சொல்லேன்."

"நீ சொல்லிப் பாரு" என்றான். "அன்னைக்கே சொன்னியே, எவன் கேட்டான்?"

பழத்தட்டை அவன் பின்னாலேயே வீசினேன். வண்டிச் சக்கரத்தில் பட்டுச் சிதறியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகனே, நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், அது உண்மைதான். ஒரு கையில் சாட்டை, ஒருவன் கை தூக்கி நிற்கிறான், ஜனம் கும்பிடுகிறது. அந்த ஒரு கட்டத்தைத்தான் ஊர் பார்த்தது. வேலூரில் நீயும் உன் பேச்சில் அதை மட்டும்தான் தொங்க விட்டாய். சட்டி உடைத்த சின்னப்பெண்ணுக்கு முந்தைய கட்டம் வரைகிறவன், உனக்கு ஏன் வரையவில்லை? எவனோ ஒரு அயல்நாட்டுக்காரன் எழுதிய துப்பாக்கிச் சண்டையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்கிறாய், எங்கே நிழல் விழுகிறது, யாரை யார் மறைக்கிறான் என்று குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறாய். உன் கதைக்கு வந்ததும் ஒரு சிரிப்போடு தாண்டிவிடுகிறாய். அழுதால் எழுந்து போய்விடுவார்கள் என்றாய். யார் உன்னை அழச் சொன்னது? படத்தைக் காட்டு. சிரிக்கிற பந்தலை வரை, அவன் முகத்தை வரை. அந்த முகம் எனக்குத்தான் தெரியும், சனிக்கிழமையே வந்துவிடு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். கண்ணைச் சொருகாமல், தெளிவாகப் போடு. தாடையை இழுத்துப் போடு. அதைத் தொங்க விட்ட பிறகு சாட்டைக் கட்டத்தைத் தொங்க விடு. பம்பை அடிப்பதையும் போடு, அந்தச் சத்தத்தை எழுத்தில் பெரிதாகப் போடு, அது இல்லாவிட்டால் அவன் இரண்டு அடியோடு நிறுத்தியிருப்பான். என் படத்தையும் போடு. கொள்ளிக்கட்டையோடு போடு. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் கிளிவட்டம் போட்டாயானால் உன்னிடம் நான் பேசுவதில்லை.

பொன்னாடையை அவன் தோளில் போடாதே. மன்றத்துப் பையன்கள் கையில் கொடுத்தால் மேஜை மேல் வைத்துவிடு. ஜனம் முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். உனக்கு இனிமேல் இந்த ஊரில் மேடை கிடைக்காமல் போகலாம், அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ ஒன்றும் சொல்லாமல் பழைய சிரிப்பையே சிரித்துவிட்டுப் போனாயானால் நான் எழுந்து மேடைக்கு வருவேன். இந்தத் தடவை எனக்கு எவனும் கற்பூரம் காட்ட முடியாது. அது கோயில் இல்லை, மண்டபம்.

இன்னொன்று. எந்த ஊர் மேடையிலும் நீ முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானையும் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறாய். வேலூரில் வேர்வை முதுகெல்லாம் ஊற்றியது, நீ மடித்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரைக்கைச் சட்டையில் வா. அவன் உன் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பான். படத்தைக் காட்டக் குச்சியைத் தூக்கும்போது கையை நன்றாக உயர்த்திப் பிடி, அவசரப்பட்டு இறக்காதே.

உன் அம்மா